இல்லாத டிஸ்க்கின் சத்தம்

கொம்பியூட்டர் மறுபடியும் அதையே கேட்டது: ஈ டிரைவை வாசிக்க முடியவில்லை, டிஸ்க்கைப் போடவும்.

அந்தப் பெட்டியில் ஈ டிரைவ் என்று ஒன்று கிடையவே கிடையாது. சிவராணி தன் வீட்டு ஸ்ரூடியோவில் ஒரு பாஸ்போட் படம் அச்சடிக்கத் திறந்தாலும், அது முதலில் அங்கேதான் போய்த் தேடும். தேடும்போதெல்லாம் எதையோ நகத்தால் சுரண்டுவதுபோல டிக், டிக் என்று ஒரு சத்தம். இந்தச் சனியனோடு மாரடித்தே அவளுக்குச் சீவன் போனது. வெளியே சோளகக் காற்று தகரக் கதவை உலுப்பியது. புது வீட்டுச் சீமெந்துத் தரையில் இன்னும் ஈரமண் மணம் போகவில்லை.

மன்னார் ரவுணில் கொம்பியூட்டர் திருத்தும் கலந்தருக்குப் போன் எடுத்தாள்.

"பழுதொண்டுமில்ல அக்கா. படங்கள எங்கெங்க தேடோணும் எண்டு அதுக்குப் பாதை குடுத்திருக்கு. முதல் பாதையே அண்ணன்ட டிஸ்க்குக்குத்தான். அந்த வரிய அழிச்சு விடுங்கோ."

அண்ணன் என்றது அவள் புருசன் பிரதீபனை. சண்டையில் இடம்பெயர்ந்த அன்று இந்தப் பெட்டியையும் அவளையும் ட்ராக்டரில் ஏற்றிவிட்டு, "கலியாணப் படமெல்லாம் பங்கருக்குள்ள கிடக்கு, டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வாறன்" என்று கழுத்தில் கமராவோடு ஓடினவன். ஓடினவன் ஓடினவன்தான். ஆமி அவரைப் பஸ்ஸில் ஏற்றினதைக் கண்டதாக ஆரோ சொன்னார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. மடுமாதாவுக்கும் நேர்த்தி வைத்தாள்.

திரும்பி வந்தபோது, பதுங்குவதற்கு முற்றத்தில் வெட்டின அந்தப் பங்கர் இடிந்து பற்றை மூடிக் கிடந்தது. வீடு கட்ட வந்த மேசன், "இதைக் கிண்டிப் பாப்பமோ பிள்ளை?" என்று கேட்டார்.

"மாரித்தண்ணி குடிச்ச டிஸ்க்கு இனி என்னத்துக்கு? மேலால சீமெந்தைப் போடுங்கோ."

புருசன்தான் ஆமி பஸ்ஸில் போய்விட்டாரே.

இப்போது கலந்தர் சொன்ன வரியை அழிக்கக் கை வரவில்லை. கந்தோர்க்காரர் எல்லாரும் கைகழுவிய பிறகு, அவரைத் தேடுவது இந்தப் பாழாய்ப்போன பெட்டி ஒன்றுதான் என்று பட்டது. அழுதுகொண்டே அழித்தாள். பெட்டி ஒன்றும் கேட்காமல் படத்தைத் திறந்தது. அதை நிற்பாட்டி, வயரையும் பிடுங்கினாள்.

டிக்.

காற்று விழுந்திருந்தது. கதவு அசையவில்லை.

டிக். டிக்.

காலுக்குக் கீழே. சீமெந்துக்கு அடியில். உள்ளங்கால் வழியே ஏறியது அந்தச் சுரண்டல்.

"ஆரது?"

நின்றது.

வயர் பிடுங்கிய பெட்டியின் திரை மெல்ல வெளிச்சமாகியது. ஈ டிரைவ். ஒரேயொரு படம். கமரா வெளிச்சத்தில், கீழிருந்து மேல்நோக்கி எடுத்தது. அவள் போடச் சொன்ன தரையின் அடிப்பக்கம். முழுக்க நகக் கீறல். ஒரு கீறலில் ஒடிந்த நகம்.

ஓரத்தில் ஒரு கை. கலியாண மோதிரம் போட்ட கை.

படத்துக்குள் அது மறுபடியும் சுரண்டத் தொடங்கியது.