எது முதலில் முடிந்தாலும்

இடது கையில் ஐந்து விரல்களுக்கும் நகம் வெட்டியாகிவிட்டது. வலது கையில் மூன்றாவது விரலை முடித்தபோது மருத்துவர்கள் சுற்றுக்கு வந்துவிட்டார்கள். பெனிட்டா நகவெட்டியை மடக்கிப் பையின் மேலறையில் போட்டாள். மீதி இரண்டையும் வந்து வெட்டுவதாகச் சொன்னாள்.

கட்டிலில் கிடந்த அவள் கணவர் ஐசக் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

"பாதியில விட்டா உனக்குச் சோறு இறங்காதே. கீழ பிரிஞ்சு மேல வாரவட்ட குடுத்து வெட்டிக்கிடுதேன். அவளும் நீதானட்டி."

"நாந்தான்."

"அப்போ சண்டையும் போடுவா."

"போடுவா. மாத்திரய ஒழுங்கா முழுங்குங்க."

அது திங்கட்கிழமை. நெஞ்சில் கட்டிய நீர் வடிந்துவருகிறது, பத்து நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் சொன்னார். அன்று மாலையே அவள் பாளையங்கோட்டையில் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தாக வேண்டும். நான்கு நாள், அங்கேயே தங்கல். முன்பெல்லாம் வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் ஆசிரியர்களுக்கு விலக்கு உண்டு. ஒருவரின் நினைவை நகலெடுத்துப் பிரிக்கும் கிளை வந்த பிறகு அந்த விடுப்பை எடுத்துவிட்டார்கள். உங்களுக்குப் பதில் நீங்களே மருத்துவமனையில் இருக்கலாமே, விடுப்பு எதற்கு என்று கேட்டார்கள். ஆனால் கிளை விடைத்தாளைத் தொடக் கூடாது. அதற்குத் தாய்தான், பிரித்துவிட்ட அசல் ஆள்தான், வேண்டும்.

பிரிப்பு அறை மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருந்தது. வலைத்தொப்பியை மாட்டிப் பத்து நிமிடம் கண்மூடிக் கிடக்க வேண்டும். பெனிட்டா கண்ணைத் திறந்தபோது எதிர் நாற்காலியில் இருந்த சாம்பல் நிற வாடகை உருவும் கண்ணைத் திறந்தது. முகம் என்று சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லை. கைகளை மட்டும் நன்றாகச் செய்திருந்தார்கள், ஊசியில் நூல் கோக்கிற அளவுக்கு. அந்த நிமிடம் வரை அவளுக்குத் தெரிந்த எல்லாம் அதற்கும் தெரியும். தாயும் கிளையும் பேசிக்கொள்ளச் சட்டம் விடாது. அது எழுந்து பையை வாங்கிக்கொண்டு, வாரைத் தோளில் ஒரு தடவை ஏற்றிவிட்டுக்கொண்டு மின்தூக்கிக்குள் போயிற்று. அந்த ஏற்றிவிடல் தன்னுடைய பழக்கம் என்று பெனிட்டாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது கிளை ஒன்றும் அன்று பிரித்தாள். அது நில அளவை அலுவலகத்துக்கு. வீட்டு மனையின் பட்டாவில் நான்கடி அகலம் பக்கத்து மனைக்குப் போயிருந்தது. ஐசக் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய காலத்திலிருந்து பதினோரு வருடமாக அதற்கு அலைந்துகொண்டிருந்தார். அந்த அலுவலகத்தில் இப்போது மனிதர்கள் நிற்பதில்லை. நாலு நாள் நீளும் வரிசையில் முழுக்கக் கிளைகள்தான்.

கிளை திரும்பி வராது. தொடக்கத்தில் கிளையின் நினைவைத் தாயின் நினைவில் கொண்டுவந்து ஊற்றிப் பார்த்தார்கள். ஒரே செவ்வாய்க்கிழமையை இரண்டு இடத்தில் கழித்தவர்கள், எதில் தாங்கள் இருந்தோம் என்று தெரியாமல் திரிந்தார்கள். அதன் பிறகுதான் சட்டம் வந்தது. வேலை முடிந்ததும் கிளை கரைந்துவிட வேண்டும். பார்த்தது, கேட்டது எல்லாம் அதோடு போய்விடும். ஒரு முடிவெண் மட்டும் நிற்கும்; எந்த எண்ணை அனுப்பினாலும் அனுப்பிய நிமிடமே கிளை கரைந்துவிடும். தாய் தன் மணிக்கட்டில் உள்ள ஏற்பியை அமுக்கி அதைப் பெறும்வரை கிளையின் பெயர் பட்டியலில் இருக்கும். பெற்றதும் அதுவும் அழிந்துவிடும். ஒரு முடிவெண்ணை ஒரு தடவைதான் பெறலாம்.

ஒரு காலத்தில் தொலைபேசியில் ஒரு தடவை மணியடித்து வைத்தால் கிளம்பிவிட்டேன், இரண்டு தடவை என்றால் வந்துசேர்ந்துவிட்டேன் என்று வீட்டுக்கு வீடு வைத்துக்கொண்டார்களே, அதைப் போல முடிவெண்ணுக்கும் அவரவர் பொருள் வைத்துக்கொண்டார்கள். பெனிட்டாவின் கணக்கில் சுழியம் என்றால் சொன்ன வேலை முடிந்தது. மூன்று என்றால் அதிகாரி வரவில்லை. ஏழு என்றால் உடனே வா. வலைத்தொப்பிக்குள் இதைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தாள். தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அதற்கும் தெரியும்.

ஏற்பியில் இரண்டு விதமாகக் காத்திருக்கலாம். கிளையின் எண்ணைச் சொல்லி, அது முடிந்ததா என்று கேட்கலாம். அல்லது 'எது முதலில் முடிந்தாலும்' என்று வைத்துவிடலாம்; அதிர்ந்ததும் ஒரு அமுக்கு, அவ்வளவுதான். முகாமில் தாளிலிருந்து கையை எடுத்தால் மேற்பார்வையாளர் பார்ப்பார். கைப்பேசிகளை வாசலிலேயே பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். பெனிட்டா இரண்டாவதை வைத்தாள்.

வியாழக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு மணிக்கட்டு அதிர்ந்தது. சிவப்பு மைப் பேனா வலது கையில் இருந்தது. பேனாவின் பின்பக்கத்தால் அமுக்கினாள். பெரிதாக ஒரு சுழியம் வந்தது. அதன் கீழே எறும்பு அளவில் கிளையின் எண்ணும் வந்து போனது. அவள் சுழியத்தைத்தான் பார்த்தாள். வரிசையில் நாலாவது நாள்.

பக்கத்து மேசையில் இருந்த சபீனா, என்ன டீச்சர் தன்னால சிரிக்கிய என்று கேட்டாள்.

"பட்டா முடிஞ்சிட்டு. பதினோரு வருசம்."

"அப்போ இனிமே சார் வீட்டுல எதப் பத்திப் பேசுவாரு?"

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்று பெனிட்டாவின் கை தாராளமாக இருந்தது. முப்பத்துநாலில் நின்ற ஒரு தாளை மறுபடி புரட்டி, ஒரு படத்துக்கு அரை, ஒரு வரையறைக்கு அரை என்று தேடிப் போட்டுத் தேற வைத்தாள். பட்டாச் செய்தியை ஐசக்கிடம் எப்படிச் சொல்லலாம் என்று யோசித்தாள். உடனே சொல்லாமல் கொஞ்சம் அலைக்கழிக்க வேண்டும் என்று தோன்றியது.

மூன்றரைக்கு மணிக்கட்டு மறுபடி அதிர்ந்தது. அமுக்கினாள். மூன்று.

அதிகாரி வரவில்லை என்ற எண் அது. மருத்துவமனையில் எந்த அதிகாரி வர வேண்டும் என்று ஒரு கணம் குழம்பினாள். பிறகு எறும்பு அளவு எண்ணைப் பார்த்தாள்; அது நில அளவைக் கிளையுடையது. பேனாவை வைத்துவிட்டு மருத்துவமனைக் கிளையின் எண்ணைத் தட்டி, முடிந்ததா என்று கேட்டாள். அப்படி ஒரு கிளை உங்களுக்கு இல்லை என்று ஏற்பி சொன்னது.

பேருந்தில் ஒன்றரை மணி நேரம். அந்தச் சுழியம் மருத்துவமனையிலிருந்து வந்தது; முடிந்தது என்றால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும் இருக்கலாம் அல்லவா என்று வழியெல்லாம் நினைத்தாள். அந்தக் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது. பை மட்டும் சன்னல் ஓரத்தில் இருந்தது. செவிலி மகிஷா அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"எனக்கு யாரும் சொல்லலயே" என்றாள் பெனிட்டா.

"உங்கட்டதான சொன்னோம், டீச்சர். நீங்கதான் கையெழுத்துப் போட்டிய."

தாளைக் காட்டினாள். கையெழுத்து பெனிட்டாவுடையதுதான், 'டா'வின் காலை நீட்டி இழுத்திருந்தது உட்பட. நேரம் பதினொன்று நாற்பது.

மகிஷா மெதுவாகச் சொன்னாள். காலையில் ஏழரைக்கே மூச்சு மாறிவிட்டது. மருத்துவர் பார்த்துவிட்டு, இன்றைக்குத் தாண்டாது என்று கிளையிடம் சொன்னார். தாய்க்குத் தகவல் கொடுங்கள் என்று மகிஷாவே போய் அதனிடம் சொன்னாள். பெனிட்டாவைக் கூப்பிடலாம் என்றால் முகாமில் கைப்பேசி கிடையாது. மணிக்கட்டுக்குப் போகிற எண் ஒன்றுதான் வழி.

"நான் சொன்னேன் டீச்சர், ஏழு அனுப்புங்கன்னு. 'ஏழு அனுப்புனா நான் இந்த நிமிசமே இருக்க மாட்டேன். அவ வந்து சேர ரெண்டு மணி நேரம் ஆவும். அதுவரைக்கும் இவரு கைய யாரு பிடிப்பா'ன்னு கேட்டாக. நான் பிடிக்குதேன்னேன். 'உனக்கு நாப்பது கட்டிலு'ன்னு சொல்லிட்டாக."

நாலு மணி நேரம் அது கையை விடவில்லை. அவ்வளவு நேரம் கிடைக்கும் என்று அதற்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. நடுவில் ஐசக் தாழ்ந்த குரலில் வெகுநேரம் அதனிடம் பேசினார். என்ன பேசினார் என்று மகிஷாவுக்குக் கேட்கவில்லை. ஒரு தடவை அது சிரித்தது மட்டும் கேட்டது.

பெனிட்டா கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். பிரிப்பு அறையில் இருந்தவர் பணிவானவர், நாற்காலி எடுத்துப் போட்டார். அவள் தன் கிளை தன்னை ஏமாற்றிவிட்டது என்றாள். அவர் திரையில் தேடினார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: கொடுத்த வேலை 'முடிகிறவரை கூட இரு' என்று பதிவாகியிருக்கிறது. முடிகிறவரை கூட இருந்திருக்கிறது. முடிவெண் சுழியம், நீங்களே பெற்றும் இருக்கிறீர்கள். சுழியத்தின் மேல் புகார் எடுக்க வழியில்லை.

"அவரு என்ன பேசுனாருன்னு மட்டும் எடுத்துத் தர முடியுமா?"

"நீங்க பெற்ற உடனே அது போயிடுதும்மா. அமுக்காம வச்சிருந்தாலும் இதே எண்தான் இருக்கும்." பிறகு, உதவ வேண்டும் என்ற எண்ணத்தில்தான், மேல்முறையீடு போடலாம், வரிசை நீளம், வேண்டுமானால் அதற்கு ஒரு கிளை பிரித்துத் தருகிறேன் என்றார்.

அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவரின் கடைசிப் பேச்சு ஒருத்திக்குக் கிடைத்தது. இன்னொருத்திக்குச் சுழியம் கிடைத்தது. அந்த ஒருத்தி வேறு யாராக இருந்தாலும் போய்த் தலைமயிரைப் பிடித்திருப்பாள். இவளைப் போய் எங்கே பிடிப்பது? அந்தக் கட்டிலருகே தான் இருந்து, முகாமில் ஒருத்தி ஏழுக்காகக் காத்திருந்தால் அனுப்பியிருப்பேனா என்று கேட்டுக்கொண்டாள். அனுப்பியிருப்பேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் மோசமாக இருந்தது. திங்கட்கிழமை வரை தன்னிடம் இருந்த ஒரு மனதுதான், ஒரு சொல் சொல்லாமல், இவளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியிருக்கிறது.

உடலை வாங்க வரச் சொன்னார்கள். போகும் முன் பையைத் திறந்தாள். எல்லாம் மடித்து வைத்திருந்தது, அவள் மடிக்கிற மாதிரியே. மருந்துச் சீட்டுகள் தேதிவாரியாக இருந்தன. சவரம் செய்த கத்தி கழுவி வைத்திருந்தது. மேலறையில் நகவெட்டி.

குளிர் அறையில் துணியை விலக்கினார்கள். முகத்தில் ஒரு முள் முடிகூட இல்லை. தலை வாரியிருந்தது, வகிடு சரியான பக்கத்தில். மூன்று நாளில் ஒரு வேலையும் பாதியில் நிற்கவில்லை. பெனிட்டா வலது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் நகம் வெட்டப்படாமல் இருந்தது.