நைஜல் சாருக்கு இங்கிலீஷ் வருமா?

கோவில்பட்டியில் சாயங்காலம் ஆனால் வெள்ளைக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். மாரிக்கனியின் ஆங்கிலப் பயிற்சி மையத்தில் வகுப்பு முடிந்திருக்கும். வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் கதவு திறக்க வேண்டுமே. அது குரல்கதவு. கைப்பிடி கிடையாது. ஆங்கிலத்தில், சரியான உச்சரிப்பில் கேட்டால்தான் திறக்கும்.

"ஓப்பன் த டோ, ப்ளீஸ்," என்றார் லீட்ஸ் நகரத்து நைஜல்.

கதவு அசையவில்லை.

"சார், டோர்ங்கிற சொல்லோட கடைசியில ஒரு எழுத்து இருக்கா, இல்லியா?" என்றாள் மாரிக்கனி.

"இருக்கு."

"அதை எங்க கொண்டு போட்டீங்க?"

"ஊர்லயே வச்சிட்டு வந்துட்டாரு," என்றாள் பின்னால் நின்ற நியூசிலாந்துக்காரி. வரிசை முழுக்கச் சிரித்தது. எல்லோர் காதிலும் செவிமணி இருந்தது. யார் எந்த மொழியில் பேசினாலும் அவரவர் மொழியில் சொல்லிவிடும் சின்னக் கருவி அது. தமிழில் திட்டினாலும் புரியும்.

நைஜல் சிரிக்கவில்லை. ஐம்பது வயது. வாழ்நாளெல்லாம் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். இருபத்தாறு வயது மாரிக்கனிக்கு முன்னால் கைகட்டி நின்று மறுபடி சொன்னார். மறுபடி. எல்லோரும் போன பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் மாரிக்கனியே திறந்துவிட்டாள்.

வெளியே டீக்கடை முத்துப்பேச்சி கேட்டாள்: "என்ன துரை, இன்னைக்காவது கதவு திறந்துச்சா?"

"நாளைக்குத் திறக்கும்."

"பெறகென்ன? டீயைக் குடிங்க. நாக்கு இளகட்டும்."

செவிமணி இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்கலாம். டைட்டனில் செவிமணிக்கு அனுமதி இல்லை. சனிக் கிரகத்தைச் சுற்றும் அந்தக் குளிர்ந்த நிலவில் மனிதர்கள் பெரிய குடை போன்ற கவிகைகளுக்குள் வாழ்கிறார்கள். கதவும் தண்ணீரும் மூச்சுவிடும் காற்றும் எல்லாமே குரலுக்குத்தான் கட்டுப்படும். ஒரு காலத்தில் மொழிபெயர்ப்புக் கருவி ஒன்று ஆள் சொன்னதைக் கதவுக்குத் தப்பாகச் சொல்லி, ஒரு நடைபாதையின் காற்று முழுவதும் வெளியே போய்விட்டது. அன்றிலிருந்து நடுவில் கருவி கூடாது. மனிதர் வாய், கதவின் காது, அவ்வளவுதான்.

அந்தக் காது கோவில்பட்டி ஆங்கிலத்துக்குப் பழகிய காது. அதற்குக் காரணம் பொன்மணி டீச்சர். அந்த அம்மாளைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

ஒரு தலைமுறைக்கு முன்னால் அவர் வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க வேலை தேடினார். எழுதிப் போட்ட இடமெல்லாம் ஒரே பதில்.

"உங்கள் தாய்மொழி ஆங்கிலமா?"

"தமிழுங்க."

"மன்னிக்கவும். பெற்றோர் விரும்பமாட்டார்கள்."

"பிள்ளைங்ககிட்ட கேட்டுப் பாத்தீங்களா?"



கடைசியில் நிபந்தனை எதுவும் இல்லாமல் ஒரு விளம்பரம் வந்தது: டைட்டன். மீத்தேன் மழை பெய்யும் ஊருக்குத் தாய்மொழிக்காரர் எவரும் போகமாட்டேன் என்றதால்தான் நிபந்தனை இல்லை.

"குளிருமாமே தாயி?" என்றார் அவருடைய அண்ணன்.

"நம்ம ஊர் வெயிலு ஒடம்புல மிச்சமிருக்கு. அதுவே காணும்," என்று சொல்லிக் கப்பல் ஏறியவர்தான். அங்கே பல நாட்டுப் பிள்ளைகள். ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியாது. "எழுதின எழுத்தை ஏன் முழுங்கணும்? எழுத்துக்கெல்லாம் மரியாதை குடு" என்பதுதான் அவர் பாடம். அந்தப் பிள்ளைகள் பேசியது எல்லோருக்கும் விளங்கியது. பிறகு கதவுகளுக்குக் காது வைத்த பொறியாளர்கள் அவர் குரலையே அளவாக வைத்தார்கள். ஒரு மனுஷியின் தொண்டையை நம்பி ஓர் உலகமே மூச்சுவிட்டது. சும்மாவா!

நைஜலின் மனைவி ஹெலன் அங்கே காற்றுப் பொறியாளர். ஆறு வயது மகள் ஐவியும் தாயோடு போய்விட்டாள். வேலை இல்லாத பெரியவர்களுக்கு டைட்டனில் காற்றுப் பங்கு கிடையாது. நைஜலுக்கு ஒரு வேலை கிடைத்தால் குடும்பம் ஒன்று சேரும். இல்லாவிட்டால் ஐவி படத்தில் மட்டும் வளருவாள். அவருக்குத் தெரிந்த தொழிலோ ஒன்றே ஒன்று.

ஐவி அனுப்பும் செய்திகளில் பேச்சு மாறிக்கொண்டே வந்தது. "டாடி, எனக்குக் கதவு உடனே திறக்குது. மம்மிக்குத்தான் நேரமாகுது!" என்றாள். அதைக் கேட்ட அன்று நைஜல் டீ குடிக்கவில்லை. நேராகக் கதவின் முன்னால் போய் நின்றார்.

மழை பெய்த ஒரு நாள், முதல் தடவையிலேயே கதவு திறந்துகொண்டது. நைஜல் வெளியே போகாமல், மூடச் சொல்லி, மறுபடி திறக்கச் சொல்லி, குழந்தை போல விளையாடினார்.

"ஐயோ சார், கதவு தேஞ்சிரும்!" என்ற மாரிக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் கடலைமிட்டாய் கொடுத்தாள். "எங்க ஊர்ப் பிள்ளைகளே இப்படிப் பாடுபட்டுப் படிச்சதில்ல."

டைட்டன் ஆசிரியர் வேலைக்கான தேர்வு குரல் வழியாக மட்டும் நடந்தது. பாரபட்சம் வந்துவிடக் கூடாதென்று முகம் கேட்பதில்லை. நைஜல் தேறினார். கப்பலில் உடலைக் குளிரவைத்து உறங்கும் சில மாத உறைதுயிலுக்குப் பிறகு டைட்டனில் இறங்கி, வழியில் இருந்த கதவுகளையெல்லாம் ஒரே சொல்லில் திறந்துகொண்டு, கல்வி அதிகாரி ஒபின்னாவின் அறைக்குள் நுழைந்தார். ஒபின்னா அங்கேயே பிறந்தவர். பொன்மணி டீச்சரின் மாணவர்.

"ஏதாவது பேசுங்க சார்," என்று சொல்லி ஒபின்னா கண்ணை மூடிக்கொண்டார்.

நைஜல் பேசினார்.

"அடடா! எங்க டீச்சரே வந்து நின்ன மாதிரி இருக்கு." கண்ணைத் திறந்தார். முகம் வாடிவிட்டது. "ஆனா... நீங்க எந்த ஊரு?"

"இங்கிலாந்து. ஆங்கிலம் என் தாய்மொழி."

"ஐயோ, அதை மட்டும் வெளிய சொல்லிராதீங்க."

"ஏன்?"

"அது இங்க ஒரு குறை சார். எனக்கில்ல, பெத்தவங்களுக்கு. இங்கிலீஷ் டீச்சர்னா அவங்க மனசுல ஒரு முகம் இருக்கு. மாநிறம், கொண்டை, பருத்திச் சேலை."

"முகம் கேட்கக் கூடாது என்பது உங்கள் சட்டமாயிற்றே!"

"கேக்கக் கூடாதுன்னுதான் சட்டம். பாக்கக் கூடாதுன்னு இல்லையே?"

நைஜல் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். பிறகு, "திரும்பிப் போகும் கப்பல் எப்போது?" என்றார்.

ஒபின்னா நல்ல மனிதர். "போகவேண்டாம் சார். வழி இருக்கு," என்று பக்கத்து அறைக் கதவிடம் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு முகப்பாவை, ஆள் உயர இயந்திரப் பொம்மை, உட்கார்ந்திருந்தது. மாநிறம், கொண்டை, பருத்திச் சேலை. "பிள்ளைகளுக்கு மனுஷர்தான் சொல்லித்தரணும், பொறி பேசிப் பொறி கேட்டா மொழி தேஞ்சிரும்னு எங்களுக்கு ஒரு பயம். நீங்க திரைக்குப் பின்னால இருந்து பேசுங்க, இது வாயசைக்கும். பெண் குரலா மாத்திக் குடுக்கும். உச்சரிப்பு உங்களோடது. இதைப் பத்தி வீட்டுலகூட மூச்சுவிடக் கூடாது. உங்க வீட்டம்மாவுக்குத் தெரியலாம், பிள்ளைக்கு வேண்டாம்."

காற்றுப் பங்கு உண்டா என்று மட்டும் நைஜல் கேட்டார். உண்டு. சம்மதித்தார்.

அவர் பாடம் நடத்திய அழகை என்ன சொல்ல! திரைக்குப் பின்னால் யாருமே பார்க்காத இடத்தில் எழுந்து நின்று, கையை ஆட்டி, கண்ணை உருட்டிக் கதை சொன்னார். பிள்ளைகள் பாவையின் சேலையைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தார்கள். "கோவில்பட்டி டீச்சர்னா சும்மாவா!" என்று பெற்றோர் பூரித்தார்கள். வகுப்பில் முதல் வரிசையில் ஐவி. மகள் கையைத் தூக்கும்போதெல்லாம் திரைக்குப் பின்னால் ஒரு தகப்பனுக்குப் பாடத்தின் அடுத்த வரி மறந்துபோனது. பாவை இருமிச் சமாளித்தது.

வீட்டில் மட்டும் நைஜல் தன் தாய் பேசிய மாதிரி பேசினார். பகலெல்லாம் கட்டி வைத்த நாக்கை அவிழ்த்துவிடும் இடம் அது ஒன்றுதான்.

ஓர் இரவுச் சாப்பாட்டில், "ஐவி, கொஞ்சம் வோட்ட," என்றார்.

ஐவி ஹெலனைப் பார்த்தாள். ஹெலன் தட்டைப் பார்த்தாள். ஐவி குழாய்ப் பக்கம் திரும்பி, "வாட்டர்" என்றாள். தண்ணீர் வந்தது. அப்பாவிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"டாடி, ஸ்கூல்ல உங்களுக்கு என்ன வேலை?"

"திரைக்குப் பின்னால... சின்னச் சின்ன வேலை."

"எங்க புது மிஸ்ஸைப் பாத்திருக்கீங்களா? அவங்க பேசினா கேட்டுக்கிட்டே இருக்கலாம்."

"அவ்வளவு நல்லாச் சொல்லித்தராங்களா?"

"உலகத்துலயே அவங்கதான் பெஸ்ட்!"

நைஜலுக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீரைக் குடித்து மறைத்துக்கொண்டார். ஐவி அதைத் தப்பாகப் புரிந்துகொண்டாள். அப்பாவின் கையைத் தடவிக்கொடுத்தாள்.

"அழாதீங்க டாடி. இங்கிலாந்துக்காரங்களுக்கு எத்தனை வருஷமானாலும் இங்கிலீஷ் வராதுன்னு எங்க கிளாஸ்ல எல்லாரும் சொல்றாங்க. நான் நம்பவே இல்ல. நாளைக்கு மிஸ்கிட்ட கேட்டுப் பாக்குறேன், உங்களையும் சேத்துக்குவாங்களான்னு."