நீலப் பேசினுக்குப் போன சீர்

“பொண்ணு கல்யாணத்துக்கு நாலே நாள்தான் இருக்கு. இன்னிக்குக்கூட அந்தப் பழந்துணிக் கடைக்குப் போகணுமா?”

தலேந்தா கேட்டது என்னவோ தன் அண்ணன் பஷீரிடம்தான். குரல் மட்டும் சமையலறையில் நின்ற அண்ணியின் முதுகைத் தேடி வந்தது.

மொங்கியா திரும்பவில்லை. பொங்கி வந்த காபியை இறக்கிக் கோப்பைகளில் ஊற்றினாள். கொஞ்சம் தட்டில் சிந்தியது.

“செவ்வாய்க்கிழமைதான் புதுப் பொதி பிரிப்பாங்க… இஷ்ராஃப் புது வீட்டுக்கு ஜன்னல் திரை கேட்டா. ஒரு மணி நேரத்துல வந்துடுவேன்.”

“போகட்டும், நல்லாப் போகட்டும்! அண்ணே, நீ சீர்ப்பெட்டிய மட்டும் பூட்டி வை. இந்த வீட்டுல காலையில இருக்கற துணி மத்தியானம் இருக்காது!”

பஷீர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். தங்கைக்கும் மனைவிக்கும் நடுவே இருபத்திரண்டு வருஷமாக அவருக்குத் தெரிந்த ஒரே தந்திரம் அது.

மணப்பெண் இஷ்ராஃபுக்குத்தான் பொறுக்கவில்லை. “அத்தை, நீங்களும் கூடப் போங்க. ஸ்ஃபாக்ஸ்லேருந்து வந்து மூணு நாளாச்சு, அம்மா முகத்தப் பாத்து ஒரு வார்த்தை பேசல நீங்க. அம்மா எடுத்தா எல்லாம் பழுப்புக் கலராத்தான் இருக்கும். எனக்கு உங்க கண்ணு வேணும்.”

மருமகள் முறையில் ஒரே ஒருத்தி. கல்யாணப் பெண் வேறு. தலேந்தா உதட்டைக் கடித்துக்கொண்டு கைப்பையை எடுத்தாள்.

டூனிஸ் நகரை ஒட்டிய ஹம்மாம் லிஃப் தெருக்களில் கடல் காற்று உப்போடு அடித்தது. மொங்கியா முன்னால் நடந்தாள். நாலடி தள்ளித் தலேந்தா. இதே தெருவில் ஒரு காலத்தில் இருவரும் கைகோத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்!

மொங்கியா இந்த வீட்டுக்கு மணப்பெண்ணாக வந்தபோது தலேந்தாவுக்குப் பதினைந்து வயது. மொங்கியா கொண்டுவந்தது ஒரு கைப்பெட்டியும் இரண்டு படுக்கை விரிப்புகளும். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். மாமியார் கதூஜா மட்டும், “வெறுங்கையோட வந்தா என்ன? கை வந்துச்சே, அது போதும்!” என்று அந்தக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

அதற்குப் பிறகு எல்லாச் செவ்வாய்க்கிழமையும் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் திருவிழாதான். கடல் தாண்டி வரும் பொதியைப் பிரித்துக் கொட்டினால், கம்பளியும் பூச்சி உருண்டை வாசனையுமாக ஒரு மலை. இருவரும் முழங்கை வரை விட்டுத் துழாவுவார்கள். கோட்டுப் பைகளில் என்னென்னவோ அகப்படும்… கசங்கிய ரயில் டிக்கெட், ஒற்றைக் காதணி, ஒருமுறை யாரோ யாருக்கோ எழுதி அனுப்பாத கடிதம். அந்த முகம் தெரியாத பெண்ணுக்குப் பெயர் வைத்து, அவளுக்கு ஒரு காதலனையும் கொடுமைக்கார மாமியாரையும் கற்பித்து, வீடு வரும்வரை சிரிப்பார்கள். தலேந்தா கல்லூரிக்குப் போட்டுப் போன கரும்பச்சைக் கோட்டு அந்த மலையிலிருந்து வந்ததுதான். “எல்லாரும் பாரிஸ்லேருந்து வந்ததான்னு கேக்கறாங்க அண்ணி! ஆமான்னேன். பொய் இல்லையே!”

அந்தச் சிரிப்பு ஒரே நாளில் நின்றது.

தலேந்தாவின் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. கதூஜா பத்து வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைத்த சீர்: சரிகைச் சட்டைகள், பட்டு விரிப்புகள், ஜோடி மீன் போட்ட தலையணை உறைகள். தலேந்தா அன்று வழக்கத்துக்கு மாறாக மத்தியானமே கல்லூரியிலிருந்து வந்து பார்த்தால் பெட்டி காலி. முற்றத்தில் ஒரு புது நீலப் பேசின். பழைய துணி வாங்கிக்கொண்டு பேசின் கொடுக்கும் வண்டிக்காரன் வாசலில் நின்றதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்திருந்தாள்.

“நான்தான்… பழசுன்னு நெனச்சுப் போட்டுட்டேன்,” என்றாள் மொங்கியா.

“பட்டா பழசு? வெறுங்கையோட வந்தவளுக்கு என் சீரப் பாத்து வயிறு எரிஞ்சுது! அதான்!”

கல்யாணம் நடந்தது. அந்தக் குளிர்காலத்திலேயே கதூஜா கண்ணை மூடினாள். அடக்கத்துக்கு வந்த தலேந்தா அப்படியே புகுந்த ஊரான ஸ்ஃபாக்ஸ் போனவள்தான்; எப்போதாவது வந்தாலும் அண்ணியின் முகம் பார்ப்பதில்லை.

ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்தது ஆமரின் கடை. அன்றைய பொதி அப்போதுதான் பிரிந்திருந்தது. பெண்கள் மொய்த்தார்கள். வேண்டாவெறுப்பாக நின்ற தலேந்தாவின் கை, தானாகக் குவியலுக்குள் இறங்கியது. அடியிலிருந்து இளம் பச்சையில் ஒரு ஜன்னல் திரை எட்டிப் பார்த்தது. அவள் புருவம் மட்டும் லேசாக ஏறியது.

மொங்கியாவுக்கு அது போதும். அவள் திரையைப் பார்க்கவே இல்லை! கிழிந்த மேஜை விரிப்பு ஒன்றை இழுத்து, “ஆமர் அண்ணே, இந்த ஓட்டைக்கு எவ்வளவு?” என்று சண்டையை ஆரம்பித்தாள். கடைசியில் விரிப்பை வீசிவிட்டு, “சரி போகட்டும், வந்ததுக்கு அந்தப் பச்சைத் துணியக் கொடுங்க,” என்றாள் அலுப்போடு. தலேந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை விழுங்கினாள்.

ஆமர் தலையில் அடித்துக்கொண்டார். “ரெண்டு பேரும் ஜோடி போட்டு வந்தா என் கடை தாங்காது! இந்தம்மா யாரு… கதூஜா அம்மா சாயல்ல இருக்காங்களே?”

“அவங்க மகதான்,” என்றாள் தலேந்தா.

ஆமர் எழுந்து நின்றுவிட்டார். “அப்ப அது உன் சீராம்மா? என்னை மன்னிச்சிடு தாயி. நான் அன்னிக்குப் பேசின் வண்டி தள்ளிக்கிட்டிருந்தேன், கடை அப்புறம் போட்டது. உங்கம்மா வாசல்ல நின்னு, ‘செத்தவங்க துணி, சீக்கிரம் கொண்டுபோ’ன்னு அள்ளி அள்ளிப் போட்டாங்க. பார்வையே சரியில்ல… எனக்குத் தெரிஞ்சுது. ஆனா பட்டப் பாத்ததும் ஆசை கண்ண மறைச்சிடுச்சு.”

“ஆமர் அண்ணே, வேண்டாம்!” மொங்கியா பதறினாள்.

“ஏம்மா, மகளுக்குத் தெரியாமலா இருக்கும்? சாயங்காலம் இடுப்புல குழந்தையோட நீ அழுதுகிட்டே ஓடி வந்தே. அதுக்குள்ள நான் எல்லாத்தையும் வித்துட்டேன். அன்னிலேருந்து இத்தனை வருஷமா, ‘மீன் தையல் போட்ட துணி வந்துச்சா’ன்னு கேக்காத செவ்வாய்க்கிழமை உண்டா? ஒண்ணுகூடத் திரும்ப வரலையேம்மா…”

தலேந்தா கையிலிருந்த திரை நழுவியது. வெளியே நடந்தாள். தெருவைக் கடந்து, நிலையத்தில் கிடைத்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். மொங்கியா பின்னாலேயே ஓடினாள்.

“ஏன்… ஏன் சொல்லல? என் வாயால எத்தனை சாபம் விட்டேன் உங்கள! நீங்க கல்லா?”

“அம்மா அதுக்கு முந்தி ஒரு வருஷமாவே அப்படித்தான் தலேந்தா. வழி மறந்துடும், பேர் மறந்துடும். நீ காலையில போய் இருட்டினப்புறம் வருவே, உன் கண்ணுல படாம நான் பாத்துக்கிட்டேன். அன்னிக்கு நான் ரொட்டி வாங்கப் போன நேரத்துல… திரும்பி வந்தப்ப, பேசினக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. கொஞ்ச நேரத்துல தெளிவு வந்துச்சு. ‘நானா இதைப் பண்ணேன்?’னு ஒரு அலறல்… அப்புறம் என் கையப் பிடிச்சு, ‘மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா பைத்தியக்காரி பொண்ணுன்னு தள்ளிடுவாங்க. என் மக வாழணும்’னாங்க. நான் வாக்குக் கொடுத்தேன்.”

“கல்யாணம் ஆனப்புறமாவது சொல்லியிருக்கலாமே அண்ணி!”

“அதுக்குள்ள அவங்க மண்ணுக்குப் போயிட்டாங்க. செத்தவங்க மேல எப்படிப் பழியத் தூக்கிப் போடறது? உனக்கு ஒரு அம்மா முழுசா இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

டூனிஸ் ரயில் வந்து நின்றது, கதவு திறந்தது, போனது. தலேந்தா முழங்காலில் முகம் புதைத்து அழுதாள். மொங்கியா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

வெகு நேரம் கழித்துத் தலேந்தா தலை நிமிர்ந்தாள். “அந்தக் குளிர்காலத்துல அவங்க எப்படி இருந்தாங்க? நான் பாக்கவே இல்ல. எல்லாத்தையும் சொல்லுங்க, அண்ணி. ஒண்ணையும் மறைக்காதீங்க.”

மொங்கியா சொன்னாள். விடிந்ததும் முற்றத்தில் இல்லாத கோழிகளுக்குத் தீனி போட்டது. உப்பை மறந்து சர்க்கரை போட்டுச் சமைத்த மீனை, பஷீர் முகம் சுளிக்காமல் தின்றது. ஊசியில்லாமலே விரலால் காற்றில் தைத்துக்கொண்டிருந்தது. தலேந்தா சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

“கடைசி மாசம் யாரையும் தெரியல,” என்றாள் மொங்கியா. “என்னை ‘தலேந்தா’ன்னுதான் கூப்பிட்டாங்க. தலையை வாரிவிடச் சொல்வாங்க. ‘தலேந்தா, வந்துட்டியா’ன்னு கேப்பாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“‘வந்துட்டேம்மா’ன்னு சொன்னேன்.”

தலேந்தா எழுந்து, நடைமேடையில் அத்தனை பேர் பார்க்க, அண்ணியைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.