கடைசித் தெருவின் குளோரின்

"என் வீட்டுப் பாத்திரம் அழுக்காம், அதான் காய்ச்சலாம்! அந்தக் குடிநீர் ஆபீஸ் எஞ்சினியர் மூஞ்சிக்கு நேராவே சொல்றாரு!"

துப்பறிவாளரின் அறைக்குள் வந்த தையல்காரி உட்காரவில்லை. அவளுடைய மகள் டைபாய்டு காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதே தெருவில் இன்னும் நான்கு பிள்ளைகளுக்கும் அதே கதி.

"தண்ணிதான் காரணம்னு டாக்டர் சொன்னார். கேட்கப் போனா, இந்தத் தாளை நீட்டி வாயை அடைக்கிறாங்க."

குடிநீர் அலுவலகம் மாதாமாதம் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடும் தர அறிக்கை அது. போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அந்தத் துப்பறிவாளரை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் அழைப்பார்கள். அவர் கை நீட்டுவதற்குள் உதவியாளரான அக்கா மகள் அதைப் பிடுங்கிப் படித்தாள்.

"மாமா, எல்லாத் தெருவுலயும் கிருமி இல்லைன்னு போட்டிருக்கு. கிருமியைக் கொல்லப் போடுற குளோரின், ஊர்த் தண்ணித் தொட்டியில லிட்டருக்கு 0.8 மில்லிகிராம், முதல் தெருவுல 0.8, இவங்க இருக்கிற கடைசித் தெருவுலயும் 0.8. குறையே சொல்ல முடியாது."

"அழகா இருக்கு. ரொம்பவே அழகா இருக்கு" என்றபடி நிதானம் செருப்பை மாட்டினார்.

தையல்காரியின் சமையலறைக் குழாயைத் திறந்து முகர்ந்தார். பிளீச்சிங் பவுடர் வாடை துளியும் இல்லை. குளோரின் இருந்தால் மஞ்சளாக மாற்றும் சோதனை மருந்தை அதில் சொட்டவிட்டார். தண்ணீர் நிறம் மாறவில்லை.

"மருந்து பழசா இருக்குமோ?" என்ற அக்கா மகள், அதே மருந்தோடு தொட்டியடிக்கு ஓடினாள். அங்கே தண்ணீர் பளிச்சென்று மஞ்சளானது.

அடுத்து, குடிநீர் அலுவலகம். எஞ்சினியரும், தெருத்தெருவாகப் போய்ச் சோதனைக்குப் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கும் ஊழியரும் எதிரே இருந்தார்கள். தையல்காரி வாசலை மறித்து நின்றாள்.

"குளோரின் குழாய்க்குள்ள அழுக்கோட மல்லுக்கட்டிக் குறைஞ்சுகிட்டே போகும்" என்றார் நிதானம். "தொட்டியில இருக்கிற அளவு கடைசித் தெருவுல அப்படியே இருக்காது. மூணு இடத்துலயும் அச்சு அசலா ஒரே அளவுன்னா, மூணு பாட்டிலும் ஒரே குழாயில பிடிச்சது. அது தொட்டியடிக் குழாய்."

ஊழியரின் முகம் வெளுத்தது. "கடைசித் தெரு தண்ணியில கிருமின்னு முன்னாடியே ஒருதடவை ரிசல்ட் வந்துது. இனிமே அங்க எடுக்காதேன்னு சார்தான் சொன்னார்."

எஞ்சினியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "சாக்கடை ஓரமா போற பழைய குழாய், விரிசல் விட்டிருக்கு. அதை மாத்தாமலே, புதுசா மாத்தியாச்சுன்னு நான் கையெழுத்து போட்டுட்டேன். தோண்டினா என் மானம் போயிடும். அவங்களும் காய்ச்சிக் குடிச்சிருக்கலாமே?"

நிதானம் மேசையில் ஓங்கி அறைந்தார். அவர் குரல் உயர்ந்து அக்கா மகள் கேட்டதே இல்லை.

"காய்ச்சணும்னு யாருய்யா அவங்ககிட்ட சொன்னது? உன் அறிக்கையை நம்பித்தானே குடிச்சாங்க! முதல்ல தண்ணியை நிறுத்து!"

"அதுக்கு மேலிடத்துல உத்தரவு கேட்கணும்..." என்று எஞ்சினியர் போனை எடுத்தார்.

தையல்காரி அதற்குக் காத்திருக்கவில்லை. அவள் படியிறங்கி ஓட, அக்கா மகள் பின்னாலேயே ஓடினாள். கடைசித் தெருவின் முதல் வீட்டில் ஒருத்தி குழாய்த் தண்ணீரில் குழந்தைக்குப் பால்மாவு கலக்கிக்கொண்டிருந்தாள். தையல்காரி புட்டியைப் பறித்துக் கவிழ்த்தாள்.

"ஏய், என் புள்ளை பாலை யாரைக் கேட்டுக் கொட்டினே?" என்று அந்தத் தாய் சீறினாள்.

தையல்காரி விஷயத்தைச் சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்தாள்.

"இப்போ கத்து. நல்லாக் கத்து. கத்திகிட்டே என்கூட அடுத்த வீட்டுக்கு வா."