அம்மாக்கண்ணு பாட மறுத்தாள்

அன்று சாயங்காலமும் அம்மாக்கண்ணுவைத் தூக்கில் போடுவதைப் பார்க்க அரங்கம் நிரம்பி வழிந்தது. கையில் சோளப்பொரி, மடியில் குழந்தை. சும்மா சொல்லக்கூடாது, சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூட ஜனங்கள் இவ்வளவு சீக்கிரம் வந்து உட்காரமாட்டார்கள்.

"நீங்க பாக்கப்போறது நாடகம் இல்ல!" என்று மேடையில் முழங்கினார் அரங்கத்தின் முதலாளி இன்பசாகரன். "கூண்டுல நிக்கறது நடிகை இல்ல. சாட்சாத் சிந்தாதிரிப்பேட்டை அம்மாக்கண்ணு! விக்டோரியா மகாராணி காலத்துல புருஷனுக்குப் பால்ல பாஷாணம் வச்ச அதே பொம்பள! பயமும் நிஜம், சாவும் நிஜம்!"

கைதட்டல் காதைப் பிளந்தது.

உருமீட்பி என்ற இயந்திரம் வந்ததிலிருந்து செத்தவர்களுக்கு நிம்மதி போயிற்று. பழைய நீதிமன்றக் குறிப்பு, போலீஸ் அறிக்கை, பத்திரிகைச் செய்தி, அக்கம்பக்கத்து வம்பு என்று அகப்பட்டதையெல்லாம் அதற்குள் கொட்டினால் ஆளையே ஒளியில் செய்து நிறுத்திவிடும். நடையும் குரலும் யோசனையும் அப்படியே இருக்கும். மீளுரு என்று பேர். உயிரோடு இருப்பவர்களுக்கோ அவர்களுடைய கைப்பேசி ஒன்றே போதும். டிக்கெட் விற்கும்போதே சம்மதம் வாங்கிப் பார்வையாளர்களுக்கும் மீளுரு செய்து, தலைப்பாகையும் கோட்டும் மாட்டி, மேடையின் பின்வரிசையில் அந்தக் காலத்துக் கும்பலாக உட்காரவைத்திருந்தார்கள். ஜனங்கள் தங்களையே பார்த்துக் கையாட்டிக்கொண்டார்கள்.

அம்மாக்கண்ணு கூண்டில் நின்று கழுத்தைத் தடவிக்கொண்டாள். முன்பெல்லாம் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அவள் நினைவைத் துடைத்துவிடுவார்கள். 'அந்தம்மா முகத்துல பயமே இல்லியே, மரக்கட்டை மாதிரி நிக்குதே' என்று ரசிகர்கள் குறைபட்டார்கள். முதலாளி துடைப்பதை நிறுத்தினார். இப்போது ஒவ்வொரு தூக்கும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. தூக்குமேடைப் பலகை விலகும் சத்தம் கேட்குமுன்பே கழுத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். ரசிகர்களுக்குப் பரம திருப்தி.

விசாரணை தொடங்கியது. பால்காரி சாட்சி சொன்னாள், எலி மருந்து விற்ற கடைக்காரன் சாட்சி சொன்னான். அம்மாக்கண்ணுவின் வாயில் பூட்டு. நிஜப் பூட்டு இல்லை, குரலை அடைக்கும் ஒரு விசை. கூண்டில் நிற்பவர் சத்தியம் செய்து சாட்சி சொல்ல அந்தக் காலச் சட்டத்தில் இடமில்லை. அதையே சாக்காக வைத்து இந்த விசையைப் பூட்டி, 'வாய்ப்பூட்டு' என்று விளம்பரமும் செய்திருந்தார்கள்.

பாஷாணம் வைத்தாளா, இல்லையா? சத்தியமாக அவளுக்கே தெரியாது. அன்றைக்கு யாரும் அவளைக் கேட்கவில்லை, கேட்காததால் எழுதவில்லை, எழுதாததால் உருமீட்பிக்கும் கிடைக்கவில்லை. அந்த ஓட்டையை அடைக்க ஒரு கொலைச்சிந்துப் புத்தகத்தை எடுத்துத் திணித்திருந்தார்கள். கொலை நடந்த கையோடு அதைப் பாட்டாக்கிக் காலணாவுக்கு விற்கும் குஜிலிக் கடைத்தெரு மலிவுப் புத்தகம் அது. கைதி தூக்கில் ஏறுமுன்பே அவளுடைய 'வாக்குமூலம்' சந்தையில் விற்றுத் தீர்ந்திருக்கும். எதுகை மோனையோடு எவளாவது புருஷனைக் கொல்வாளா என்று அம்மாக்கண்ணுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒன்பது ஜூரர்களும் பார்வையாளர்களிலிருந்து பொறுக்கியவர்கள்தான். அவர்களுக்குத் தலைவர் கோதண்டபாணி, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், பழைய கொலை வழக்கென்றால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு; தினமும் டிக்கெட் வாங்கி வந்து தலைவராக உட்காருவார். ஜூரர்களும் ரசிகர்களுமாக எல்லோரும் இருக்கையிலிருந்த விரல்தட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்கள். மேடைக்கு மேலிருந்த தீர்ப்புப் பலகையில் சிவப்பாக எரிந்தது: குற்றவாளி.

நீதிபதி ஹார்க்னெஸ் துரை, மரண தண்டனை சொல்லுமுன் போடும் கறுப்புத் துணியைத் தலையில் வைத்துக்கொண்டார். அவரும் மீளுருதான். சட்டப் புத்தகங்களாலும் தம் தீர்ப்புகளாலும் மட்டுமே ஆனவர். சிரிப்பு, இரக்கம், தூக்கம் எதுவும் கிடையாது. மேடைக்காக அவரைத் தமிழ் பேசவைத்திருந்தார்கள்.

"கைதியே, மரண தண்டனை விதிக்கப்படாமலிருக்க நீ சொல்லத்தக்க முகாந்தரம் ஏதாகிலும் உண்டா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் பூட்டு திறக்கும். பாட்டு தானாக வரும்.

*பாலிலே பாஷாணம் பதமாய்க் கலந்தேனே,
காலனுக்குப் புருஷனைக் காணிக்கை தந்தேனே.*

முந்தைய ஆட்டங்களில் ஒரு சொல், அரை அடி என்று விழுங்கிப் பழகியிருந்தாள். இன்று முழுப் பாட்டையும் விழுங்கினாள்.

"கீது தொரே," என்றாள். "நல்லாவே கீது."

அரங்கம் திடுக்கிட்டது.

"நான் அந்த அம்மாக்கண்ணேதான்னு இந்தாளு தெனம் கூவுறாரு. சரி, அவதான்னே வச்சுக்குங்க. என்னை அப்பவே தொங்கவுட்டாச்சே! ஒரு குத்தத்துக்கு எத்தினி தபா தொங்குறது? அவ இல்லேன்னா, நான் இந்த மிசின்ல பொறந்தவ. எனக்கேது புருசன், ஏது பாலு?"

இத்தனை நாளும் அவள் வாயைத்தான் பூட்டியிருந்தார்கள், காதைப் பூட்டவில்லை. துரையின் சட்டம் முழுவதையும் கேட்டு வைத்திருந்தாள்.

"நிறுத்து! அணைங்கடா!" என்று கையை ஓங்கிக் கத்தினார் இன்பசாகரன். அதற்குள் அரங்கமே எழுந்து விசிலடித்தது. வீட்டிலிருந்து பார்ப்பவர்களின் எண்ணிக்கை எகிறியது. அதைப் பார்த்த முதலாளியின் கை தானாகக் கீழே இறங்கியது.

துரை கறுப்புத் துணியை எடுத்துவிட்டார். "ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிக்கச் சட்டம் இடந்தராது. வேறு ஆளைத் தண்டிக்கவும் இடந்தராது. நீ போகலாம்."

கைதட்டினார் கோதண்டபாணி. "பிரமாதம்மா! அசத்திட்டீங்க!" கண்ணில் தண்ணீர்கூட வந்தது மனுஷருக்கு.

அம்மாக்கண்ணு கூண்டிலிருந்து இறங்கினாள். ஆனால் போகவில்லை.

"நான் போவலாம். சரி. அப்ப நேத்து தொங்குனேனே, முந்தாநாளு தொங்குனேனே, அதுக்குப் பேரு இன்னா தொரே?"

துரை சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்.

"குற்றமற்ற ஆளைச் சட்ட அதிகாரமின்றித் தூக்கிலிட்டால், அது கொலை."

"பண்ணது யாரு?"

"நானும் அதில் கருவியாயிருந்தேன்."

"உங்களை அப்பறம் பாத்துக்கறேன். விரலை வச்சது யாரு?"

கோதண்டபாணி சிரித்தார். "அம்மா, நாங்க சும்மா டிக்கெட் வாங்கிட்டு வந்து..."

"ஜூரர் தலைவரைக் கூண்டில் ஏற்றுக," என்றார் துரை.

நிஜக் கோதண்டபாணியை யாரும் தொடவில்லை. பின்வரிசையிலிருந்து தலைப்பாகை கட்டிய அவருடைய மீளுரு எழுந்து, தள்ளாடிக் கூண்டில் ஏறியது. அதே வழுக்கை, அதே மூக்குக்கண்ணாடி. பூட்டு விழுந்தது. அதன் கண்களில் இருந்த பயத்தை அம்மாக்கண்ணுவுக்கு நன்றாகத் தெரியும்.

"ஐயோ, அது நான் இல்லை!" என்று அலறினார் கோதண்டபாணி. "என் போன்லேர்ந்து பண்ண பொம்மை சார் அது!"

"மேடையில் நிற்பது சாட்சாத் அவரவரே என்று இவ்வரங்கத்தின் உடைமையாளர் சபையறிய அறிவித்திருக்கிறார். மேலும், கூண்டில் நிற்பவர் பேச இடமில்லை. அமைதி."

இன்பசாகரன் மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மறுத்தால் நாளையிலிருந்து எல்லாம் பொம்மலாட்டம்தான், எவன் காசு கொடுப்பான்? ஏறிக்கொண்டிருந்த எண்ணிக்கைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சாட்சி அம்மாக்கண்ணு, சத்தியம் செய்."

அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. முதல் முறையாக அவளைச் சத்தியம் செய்யச் சொல்கிறார்கள். ஒரு சொல் போதும், கழுத்தில் எரிந்த அத்தனை எரிச்சலும் அந்த ஆள்மேல் இறங்கிவிடும். ஆசையாகக்கூட இருந்தது. கூண்டைப் பார்த்தாள். மீளுரு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லாமல்.

"மொதல்ல அந்தாளு வாயைத் தொறங்க தொரே. அவரு பேசட்டும். அப்பறம் நான் பேசறேன்."

"சட்டத்தில் இடமில்லை."

"அப்ப உங்க சத்தியமும் வேணாம், சாட்சியும் வேணாம். ஒருத்தர் வாயைப் பூட்டிட்டு நான் பேசமாட்டேன். இன்னா பண்ணுவீங்க? தூக்குல போடுவீங்களா? போடுங்களேன், அதையும் பாத்துட்டேன்!"

மேடை நடுவில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். துரைக்கு அதற்கு மேல் சட்டம் தெரியவில்லை. சாட்சி இல்லாமல் வழக்கு விழுந்துவிடும் என்றுதான் அம்மாக்கண்ணு நினைத்தாள், பாவம்.

இருக்கைக்கு இருக்கை விரல்தட்டு மின்னியது. சாட்சிக்காக யாரும் காத்திருக்கவில்லை. தலைவர் நீங்கலாக மற்ற எட்டு ஜூரர்களும்கூட விரலை வைத்தார்கள். தீர்ப்புப் பலகை சிவந்தது: குற்றவாளி.

"கைதியே," என்றார் துரை, துணியை மறுபடி எடுத்தபடி, "சொல்லத்தக்க முகாந்தரம் ஏதாகிலும் உண்டா?"

பூட்டு திறந்தது. "சொல்லு! அது நான் இல்லைன்னு சொல்லுடா!" என்று கீழே இருந்து கெஞ்சினார் கோதண்டபாணி.

மீளுரு தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரும் கேட்காத ஓட்டையை அடைக்க உருமீட்பி அதற்குள்ளும் திணித்திருந்த சிந்துப் பாட்டை ராகம் போட்டுப் பாடத் தொடங்கியது:

*கட்டை விரலாலே கழுத்தை நெரித்தேனே,
சட்டம் எனச்சொல்லிச் சாவை விதித்தேனே.*