தேய்த்த காசு

பெரியவர் செத்துக் கிடந்தார்!

நாற்காலிக்குப் பக்கத்தில். வலது கை இறுக மூடியிருந்தது. தலைக்கு மேலே போன் ரிசீவர் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது...

"விரல் முழுக்க வெள்ளையா ஏதோ அப்பியிருக்கு. விஷம்தான்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

மூலையில் மாப்பிள்ளை. பக்கத்தில் விலங்கோடு கான்ஸ்டபிள்.

"சத்தியமா நான் இல்ல சார்!"

"நேத்து தெருவே கேட்க மாமனார்கிட்ட சண்டை போட்டிருக்கே. எதுக்கு?"

"அந்தப் பழைய காசை வித்துடுங்கன்னேன்... அவ்வளவுதான்!"

மகள் அழவில்லை. புருஷனையே வெறித்துப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு விலங்கே மேல்.

பழங்காசுக் கடைக்காரரை வரவழைத்திருந்தார்கள். பெரியவரின் சட்டைப் பையில் அவர் கடை அட்டை இருந்தது. வாய் ஓயாத மனிதர். இன்று உள்ளே வந்து தொங்கும் ரிசீவரைப் பார்த்ததோடு வாயடைத்துப் போனார்.

இன்ஸ்பெக்டர் செத்தவர் கையிலிருந்த காசைப் பிரித்தெடுத்து நீட்டினார்.

"பாட்டன் சொத்தாம். கொலை பண்ற அளவுக்குப் பெறுமா?"

வெள்ளிக் காசு. பளபள!

கடைக்காரர் லென்ஸைக் கண்ணில் வைத்தார்.

"போன வாரம் லட்சம் பெறும்னு நான்தான் சொன்னேன் சார். இப்போ வெறும் வெள்ளி விலை."

"என்னது!"

"நூறு வருஷக் கருமை இது மேல இருந்துச்சு. விளிம்புல பாருங்க, கொஞ்சம் மிச்சம் இருக்கு. அந்தக் கருப்புக்குத்தான் விலையே. பிரஷ் போட்டுத் தேய்ச்சிருக்கார்... காசு முழுக்கப் பொடிக் கீறல். எழுத்து இடுக்குல வெள்ளையா காய்ஞ்சிருக்கே, அது விஷம் இல்ல. பல் தேய்க்கிற பேஸ்ட்!"

இன்ஸ்பெக்டர் முகர்ந்து பார்த்தார். "அட, ஆமா! அப்போ இவரை யாரு..."

"நான்தான் கொன்னேன் சார்."

கான்ஸ்டபிள் விலங்கோடு கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"காலைல போன் பண்ணினார். 'பளபளன்னு ஆக்கிட்டேன், இப்போ இன்னும் கூட வருமில்ல?'ன்னார். நான் சிரிச்சேன் சார்! 'பல் பேஸ்ட்டை வெச்சு லட்சத்தையே தேய்ச்சு அழிச்சுட்டீங்களே பெரியவரே'ன்னேன். என் நாக்குல சனி! அந்தப் பக்கம் பேச்சே இல்ல. கோவிச்சுக்கிட்டார்னு போனை வெச்சுட்டேன்... போன வாரம் வாய் கிழியப் பேசினவன், 'தேய்க்காதீங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

உடலைச் சோதித்த டாக்டர் நிமிர்ந்தார். "மாரடைப்பு மாதிரிதான் தெரியுது."

மகள் தழுதழுத்தாள். "அதைத் தொடக்கூட விடமாட்டாரே! ஏன் தேய்ச்சாராம்?"

கடைக்காரர் காசைத் திருப்பிப் பார்த்தார். பெரியவர் போனில் அதையும் சொல்லியிருந்தார். 'என் பொண்ணுக்குத்தான் வெச்சிருந்தேன். இந்த அழுக்குக் காசு எனக்கெதுக்குன்னு சொல்லிட்டா. அதான் தேய்ச்சேன்.'

"அது... சொல்லலைம்மா" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பேச்சை விழுங்கினார். அது நெஞ்சை அறுத்துக்கொண்டு இறங்கியது.

மகள் ஓடிப்போய்ப் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

கடைக்காரர் இரண்டு கைகளையும் நீட்டினார். "விலங்கை எனக்குப் போடுங்க சார்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"வாயால கொல்றதுக்குச் சட்டத்துல செக்‌ஷன் இல்ல. இருந்தா, ஊர்ல பாதிப் பேர் உள்ள இருப்பாங்க... விலங்கு மாட்ட நானே வெளியில இருக்கமாட்டேன்!"