தண்ணீர் குடிக்காத சாலை

மழைமேல் கோபப்பட்டு என்ன பயன்? ஆனாலும் சோஃபாக்காரிக்குக் கோபம் வந்தது. மழைமேல், சாலைமேல், அந்தச் சாலையைப் போட்டவன்மேல்… வரிசையாக எல்லார்மேலும் வந்தது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கிற கடைக்குள் ஒரு பெண் வேறு என்னதான் செய்வாள்?

பழைய சோஃபாக்களுக்குப் புதுத் துணி தைத்துப் போடுவது அவள் தொழில். ஃபோமுக்குத் தண்ணீரைக் கண்டால் அப்படி ஒரு பாசம்! ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சிக்கொண்டு, இரண்டு ஆள் தூக்கினாலும் நகராமல் உட்கார்ந்துவிடும். கடையோ தெருவின் தாழ்ந்த கோடியில். தெருத் தண்ணீர் மொத்தமும் அழைக்காத விருந்தாளியாக நேரே உள்ளே வந்துவிடும். இன்னும் ஒரு மழைக்காலம் இப்படிப் போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

பக்கெட்டில் மொண்டு வாசலில் வீசினாள்.

"ஐயோ!"

கொட்டுகிற மழையில் ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரோட்டைத் தடவிக்கொண்டிருந்தான். தலையிலிருந்து வழிந்தது மழையா, இவள் பக்கெட்டா என்று பிரிக்க முடியவில்லை.

"யாருங்க நீங்க? ரோட்ல என்னத்தைத் தொலைச்சீங்க?"

"நான்தான்… இந்த ரோடு போட்ட இன்ஜினியர்."

அவ்வளவுதான். பிடித்துக்கொண்டாள்.

"வாங்க சார், வாங்க! உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். 'மழைநீரை உறிஞ்சும் சாலை'ன்னு பெருசா போர்டு வெச்சீங்களே, எங்க உறிஞ்சுது? என் சோஃபாதான் உறிஞ்சுது! வாங்கின சம்பளத்துக்கு வெட்கமா இல்ல?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். நீளமான இமைகள்… நுனியெல்லாம் மழைத்துளி. திட்டு வாங்குகிறவன் கண்ணில் கோபம் இருக்க வேண்டாமா? இவன் கண்ணில் கவலை இருந்தது. அவள் கடைக்குள் மிதந்த குஷன்களைப் பார்த்துத்தான் அந்தக் கவலை. இவ்வளவு நல்ல கண்களை இப்படிப்பட்ட ஆளுக்கா கொடுப்பது என்று, போகிற போக்கில் கடவுள்மேலும் அவளுக்குக் கோபம் வந்தது.

அவன் கட்டைவிரல் நகத்தால் ரோட்டைச் சுரண்டினான். சிமெண்ட் செதிலாகப் பெயர்ந்து வந்தது. அதைப் பார்த்தான். பிறகு அவள் தோளுக்குப் பின்னால், கதவோரம் நின்ற அவள் அப்பாவைப் பார்த்தான். கட்டட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மேஸ்திரி அவர். தெருவுக்கே பெரிய மனிதர். அந்தப் பெரிய மனிதர் ஏனோ தலையைக் குனிந்துகொண்டார்.

"என் தப்புதாங்க," என்றான் அவன். "சரி பண்ணிடறேன்."

மறுநாளும் மழை. மறுநாளும் வந்தான். ரோட்டைக் குனிந்து பார்ப்பான், பெருமூச்சு விடுவான், பிறகு பேன்ட்டை மடித்துவிட்டு அவளோடு சேர்ந்து தண்ணீர் இறைப்பான். தெருவே அவனுக்கு 'ஓட்டை இன்ஜினியர்' என்று பேர் வைத்துவிட்டது.

"ரோடு ஏன் தண்ணி குடிக்க மாட்டேங்குதுன்னு கண்டுபிடிச்சீங்களா?"

"யோசிச்சிட்டிருக்கேன்…"

"யோசிக்கிற மூஞ்சியா இது? தூங்குற மூஞ்சி!"

"தூங்க விட்டாத்தானே… ராத்திரி பூரா காதுல உங்க திட்டுதான் கேக்குது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மரியாதை போய்விடுமே! ஈரத் துணியை உதறுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் கவுன்சிலர் சொல்லி அனுப்பினார். உறிஞ்சும் சாலையும் வேண்டாம், உறிஞ்சாத சாலையும் வேண்டாம். எல்லாவற்றையும் தார் போட்டு மூடிவிடலாம். இன்ஜினியரை வேறு ஊருக்குத் தூக்கிவிடலாம். நாளைக் காலை தெருக்காரர்கள் கூடி முடிவு செய்ய வேண்டியது. இடம், தெருவிலேயே பெரிய கூடமான சோஃபாக்கடை.

வேண்டியதுதான் என்று நினைத்தாள். ஆனால் 'வேறு ஊர்' என்ற சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஏன் தைக்கிறது? அதுவும் கோபமாகவே வந்தது.

காலையில் நூல் வாங்கித் திரும்பும்போது நல்ல மழை. தெரு முழுக்கத் தண்ணீர் ஓடியது, ஓர் இடத்தைத் தவிர. பல மாதமாகப் பூட்டிக் கிடக்கிற வீட்டின் முன்னால் விழுந்த மழை விழுந்த இடத்திலேயே காணாமல் போயிற்று. நின்று பார்த்தாள். உட்கார்ந்து பார்த்தாள். அங்கே ரோடு சொரசொரவென்று, ஜல்லி ஜல்லியாக, இடையெல்லாம் ஓட்டையாக இருந்தது. ஓரடி தள்ளி, பக்கத்து வீட்டு வாசலில் வழவழவென்று பூச்சு. பூச்சின் ஓரத்தில் அரைவட்டம் அரைவட்டமாகக் கொத்துக்கரண்டி இழுத்த அழகு.

அந்த அரைவட்டம் அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுச் சமையலறைத் தரையிலும் அதுதான் இருக்கிறது.

"அப்பா! ரோட்டைப் பூசினீங்களா?"

கடையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த மேஸ்திரி பக்கெட்டைக் கீழே வைத்தார். பிறகு மெல்ல, "நீ அக்கா பிரசவத்துக்குப் போயிருந்தியே, அப்பதான்மா… ஓட்டை ஓட்டையா அரைகுறையா விட்டுட்டுப் போயிட்டானுங்க. என் பொண்ணு கடை வாசல் அப்படியா கிடக்கணும்? பூசினேன். பார்த்துட்டு எதிர் வீட்டுல கேட்டாங்க, பக்கத்து வீட்டுல கேட்டாங்க…"

"அந்த ஓட்டை வழியாத்தானேப்பா தண்ணி இறங்கணும்!"

"அந்தப் பையன் சுரண்டிட்டு என்னைப் பார்த்தான் பாரு… அப்பத்தான் புரிஞ்சுது."

"அவர் உங்களுக்காகத் திட்டு வாங்கினாரே! ஏன் சொல்லல?"

"ஆயுசு பூரா மேஸ்திரியா இருந்துட்டு… எந்த வாயால சொல்றது?"

மழை குறைந்து, உள்ளே வந்த தண்ணீரை இறைத்து முடிப்பதற்குள் கூடம் நிறைந்துவிட்டது. கவுன்சிலர் அவள் தைத்த புது சோஃபாவில் ஈரக் குடையோடு உட்கார்ந்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். 'ஓட்டை இன்ஜினியர்' நடுவில் எழுந்து, "தப்பு என்னோடதுதான்" என்றான்.

அப்பாவின் கண்கள் அவளைக் கெஞ்சின. வேண்டாம்மா… சபையில வேண்டாம்மா… பெற்றவரைப் பத்துப் பேர் முன்னால் தலைகுனிய வைப்பதா? ஆனால் பேசாமல் இருந்தால் தார் வரும், தார் வந்தால் கடை மூழ்கும், இவனும் போய்விடுவான்.

"அவர் தப்பு ஒண்ணும் இல்ல! பூசினது எங்கப்பா. எங்க வாசலுக்கும் பூசுங்கன்னு வந்து நின்னது நீங்க எல்லாரும்! குடிக்கிற வாயை நாமளே அடைச்சிட்டு, குடிக்கலன்னு அவரைத் திட்டினா என்னங்க நியாயம்?"

அதிகம் கத்தியவர்கள் அதிக அக்கறையாக விட்டத்தைப் பார்த்தார்கள். விடுவாளா? அத்தனை பேரையும் பூட்டிய வீட்டு வாசலுக்கு இழுத்துப் போனாள். பக்கெட் நிறையத் தண்ணீரைக் கவிழ்த்தாள். தண்ணீர் ஓடவில்லை, தேங்கவில்லை… ஒரே மூச்சில் இறங்கிப் போயிற்று.

"தார் வேணாம்பா," என்று கவுன்சிலர் நழுவினார்.

கடைசியாக வந்த மேஸ்திரி தானே ஒரு பக்கெட் ஊற்றிப் பார்த்தார். மகளிடம் பேசவில்லை. "வேலை நல்லாத்தான் இருக்கு," என்று ரோட்டைப் பார்த்துச் சொன்னார். பிறகு இன்ஜினியரிடம், "பூச்சை வெட்டி எடுக்கணும்னா என்னைக் கூப்பிடுங்க தம்பி. எங்கெங்க கனமா போட்டேன்னு எனக்குத்தான் தெரியும்."

"நீங்க இல்லாம முடியாதுங்க ஐயா. எதுக்கு இந்த ஓட்டைன்னு ஒரு வார்த்தை சொல்லாமப் போட்டேனே, அது நிஜமாவே என் தப்புதான்."

கூட்டம் கலைந்தது. அவள் கலையவில்லை. தூறலில் அவன் முன்னால் போய் நின்றாள்.

"தினம் வந்தீங்க. தினம் பொய் சொன்னீங்க. எங்கப்பாவுக்காக உங்க பேரையே கெடுத்துக்கச் சொல்லி நான் கேட்டேனா?"

"அப்பாவோட நீங்க சண்டை போட்டுக்குவீங்களேன்னு…"

"எங்க வீட்டுச் சண்டைக்குப் பயந்துட்டு ஊரை விட்டே போயிருவீங்களா? நீங்க போயிட்டா… நான் எப்படி இருப்பேன்னு யோசிச்சீங்களா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. முகம் சூடாகிவிட்டது. அவன் இமைக்காமல் பார்த்தான். அந்தப் பாழாய்ப்போன கண்கள்!

"இது திட்டு மாதிரி தெரியலையே…" என்றான் மெதுவாக.

"திட்டு இல்ல. உங்களைப் பிடிச்சிருக்கு. போதுமா?"

"போதும். எனக்கும்தான்… முதல் நாள்லேர்ந்தே."

"முதல் நாள்லேர்ந்தா! அதையும் சேர்த்தா மறைச்சீங்க?" என்று அதற்கும் கோபித்துக்கொண்டே, அவன் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டாள்.